நான்டக்கெட்டின் ‘கடைசி இந்தியர்’: அப்படியானால் ஆப்சலம் பாஸ்டன் யார்?

உப்புக்காற்று | சனி, இரவு 10.12

ஊரிலிருந்து வந்திருக்கிற மாமனார் மாமியாரை அழைத்துக்கொண்டு போன வாரம் நான்டக்கெட் போனோம். மாசசூசெட்ஸ் கரையிலிருந்து கடலுக்குள் 50 கிலோமீட்டர் போலத் தள்ளி இருக்கிற தீவு. தீவே ஒரு ஊர்தான். ஒரு காலத்தில் உலகத்துக்கே திமிங்கில எண்ணெய் விற்ற இடம். இப்போது பணக்காரர்கள் கோடைக்கு வந்து தங்குகிற இடம். சாண்ட்விச் விலையைக் கேட்டுவிட்டு மாமனார் அன்றைக்கு விரதம் இருந்துவிட்டார்.

விஷயத்துக்கு வருகிறேன். அங்கே அதீனியம் என்ற பழைய நூலகம் இருக்கிறது. அதில் ஒரு முதியவரின் ஓவியம். பெயர் ஏப்ரம் குவாரி. 1851-ல் வரைந்தது. தீவின் பூர்வகுடிகளான வாம்பனோவாக் மக்களில் கடைசி ஆண் இவர்தான் என்பது ஊர்க்கதை. 1854-ல் இறந்திருக்கிறார். எங்களோடு வந்த வழிகாட்டியும் “இவரோடு அந்த இனம் முடிந்தது” என்று சொல்லிவிட்டு அடுத்த இடத்துக்குக் கிளம்பிவிட்டார்.

அங்கிருந்து கால் மணி நேரம் நடந்தால் யார்க் தெருவும் பிளெசன்ட் தெருவும் சந்திக்கிற முனையில் ஒரு சின்ன மரக் கட்டடம். ஆப்பிரிக்கர் கூடுகை மண்டபம் என்று சொல்லலாம். 1820-களில் கறுப்பின மக்கள் தங்களுக்காகக் கட்டிக்கொண்டது. அதுவே கோயில், அதுவே பள்ளிக்கூடம். அங்கே ஆப்சலம் பாஸ்டன் என்ற கப்பல் தலைவரைப் பற்றிப் பேச்சு வந்தது. 1785-ல் பிறந்தவர். அப்பா செனிகா பாஸ்டன், அடிமையாக இருந்து விடுதலை பெற்ற கறுப்பினத்தவர். அம்மா தேங்க்ஃபுல் மைக்கா, வாம்பனோவாக் பெண்.

ஆப்சலம் இறந்தது 1855-ல். அதாவது ‘கடைசி ஆள்’ இறந்த பிறகும் இவர் உயிரோடு இருந்திருக்கிறார். பிள்ளைகளும் இருந்திருக்கிறார்கள்.

நான் இதைச் சொன்னதும் மாமியார் கேட்டார்: “ஏன், அம்மா பக்கம் கணக்கிலே வராதா?”

எனக்குப் பதில் தெரியவில்லை. இங்கே யாருக்காவது தெரியுமா?

நங்கூரம் | சனி, இரவு 10.40

உங்கள் மாமியாருக்கு இந்தக் குழுவில் உடனே ஒரு கணக்குத் தொடங்கிக் கொடுங்கள்.

ஆப்சலம் பற்றி எனக்குத் தெரிந்தது: 1822-ல் ‘இண்டஸ்ட்ரி’ என்ற கப்பலை எடுத்துக்கொண்டு திமிங்கில வேட்டைக்குப் போனார். மாலுமிகள் எல்லாரும் கறுப்பினத்தவர்கள். ஆறு மாதம் கழித்து 70 பீப்பாய் எண்ணெயோடு திரும்பினார். அந்தக் காலத்துக் கணக்கில் அது ஒன்றும் பெரிய லாபமில்லை. ஆனால் போன அத்தனை பேரையும் உயிரோடு கரை சேர்த்தார். அப்புறம் கடலுக்கே போகவில்லை. கடை, விடுதி என்று கரையிலேயே சம்பாதித்தார். அவருடைய ஓவியமும் அந்தத் தீவில் இருக்கிறது, காதில் தங்க வளையம் போட்டிருப்பார். எங்கள் பெரிய தாத்தாவின் கடுக்கன் ஞாபகம் வந்தது.

மாணிக்கம்1958 | ஞாயிறு, காலை 6.55

வணக்கம். எல்லாவற்றையும் சந்தேகப்பட வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். அந்தத் தீவின் செவ்விந்தியர்களை ஒழித்தது நோய். 1763-64-ல் ஒரு கொள்ளைநோய் வந்தது. அப்போது அவர்கள் மொத்தம் 358 பேர். 222 பேர் செத்துப் போனார்கள். அதற்கு நூறு வருஷம் முன்னால், ஆங்கிலேயர் குடியேறிய 1659-ல், அவர்கள் ஏறக்குறைய 3,000 பேர் என்று மதிப்பிடுகிறார்கள். இவ்வளவு அழிவுக்குப் பிறகு ஒரு கடைசி ஆள் இருக்கத்தானே செய்வார்? ‘தூய வம்சத்தில் கடைசி’ என்ற பொருளில் சொல்லியிருப்பார்கள். இதில் சதி எங்கே இருக்கிறது?

புதுவரவு | ஞாயிறு, காலை 9.20

மாணிக்கம் சார், குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். ‘செவ்விந்தியர்’ என்ற சொல்லை இன்னும் பயன்படுத்தலாமா? பள்ளிப் பாடப் புத்தகத்தில் படித்த சொல்தான், ஆனால் தோல் நிறத்தை வைத்துப் பெயர் சொல்வது உறுத்துகிறது.

மாணிக்கம்1958 | ஞாயிறு, காலை 9.48

நான் படித்த காலத்தில் அதுதான் சொல், தம்பி. சரி, வாம்பனோவாக் என்றே எழுதுகிறேன். என்ன பொருள் அதற்கு?

பழையபேப்பர் | ஞாயிறு, காலை 11.05

முதல் வெளிச்சத்தின் மக்கள் என்று அவர்களே விளக்குகிறார்கள் சார். கிழக்குக் கரையில் இருப்பவர்கள், சூரியனை முதலில் பார்ப்பவர்கள்.

நீங்கள் சொன்ன எண்கள் சரி. ஆனால் அந்தக் கணக்கின் அடுத்த வரியையும் படிக்க வேண்டும். ஓபெட் மேசி என்ற தீவுக்காரர் 1835-ல் எழுதிய வரலாற்றில் அது இருக்கிறது. பிழைத்த 136 பேரை அவர் பிரித்துக் காட்டுகிறார்: நோய் வந்து தேறியவர்கள் 34, நோயாளிகளோடு இருந்தும் தப்பியவர்கள் 36, தனியாக வாழ்ந்ததால் தப்பியவர்கள் 8, கடலுக்குப் போயிருந்தவர்கள் 18, ஆங்கிலேயர் வீடுகளில் இருந்தவர்கள் 40.

கடைசி இரண்டு எண்களைப் பாருங்கள். கடலில் 18, அடுத்தவர் வீட்டில் 40. கிட்டத்தட்ட பாதிப் பேர் தங்கள் சொந்தக் குடியிருப்பிலேயே இல்லை. கிராமம் காலியானதும் இவர்கள் எங்கே போவார்கள்? ஊருக்குத் தெற்கே, கறுப்பின மக்கள் குடியிருந்த பகுதிக்கு நியூ கினி என்று பெயர். பலர் அங்கே போய்ச் சேர்ந்தார்கள், திருமணம் செய்துகொண்டார்கள். தேங்க்ஃபுல் மைக்கா அப்படி ஒருவர்.

அடுத்தது காகிதம் செய்த வேலை. அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1790-ல் தொடங்கியது. 1840 வரைக்கும் அதில் பூர்வகுடி என்று ஒரு கட்டமே கிடையாது. வெள்ளையர், அடிமைகள், அப்புறம் ‘மற்ற சுதந்திர மனிதர்கள்’. அதுவே பின்னால் ‘நிறமுடைய சுதந்திர மனிதர்கள்’ என்று ஆனது. அவ்வளவுதான். ஊருக்குள் வாழ்ந்த வாம்பனோவாக் பெண் அந்தக் கடைசிக் கட்டத்தில்தான் விழுவாள். அவள் பிள்ளைகளும் அதிலேதான். 1860-ல்தான் ‘இந்தியர்’ என்று ஒரு வகை கணக்கெடுப்பில் வருகிறது. அதற்குள் குவாரியும் இறந்துவிட்டார், ஆப்சலமும் இறந்துவிட்டார்.

ஆக, அந்த மக்களில் ஒரு பங்கை நோய் கொன்றது. மிச்சத்தைக் குமாஸ்தா கொன்றார்.

இன்னொன்று. குவாரி ‘கடைசி ஆண்’ என்று ஏன் கவனமாகச் சொல்கிறார்கள் தெரியுமா? டார்கஸ் ஆனரபிள் என்ற பெண் 1855 வரை இருந்தார். அவரையும் ‘கடைசி’ என்றுதான் எழுதியிருக்கிறார்கள். எத்தனை கடைசி!

நங்கூரம் | ஞாயிறு, மதியம் 12.30

அக்கா, ‘குமாஸ்தா கொன்றார்’ என்பதைச் சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொள்ளலாம்.

கடலுக்குப் போன அந்த 18 பேரைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். நான்டக்கெட் திமிங்கில வேட்டை என்றால் அருங்காட்சியகத்தில் காஃபின், ஸ்டார்பக், மேசி என்று வெள்ளைக் குடும்பப் பெயர்களாகவே இருக்கும். ஆனால் ஆரம்பத்தில் படகில் துடுப்புப் போட்டவர்களில் பெரும்பாலோர் வாம்பனோவாக் ஆட்கள். அவர்கள் சந்தோஷமாகப் போகவில்லை. மேரி ஸ்டார்பக் என்ற அம்மா கடை வைத்திருந்தார். பூர்வகுடிகளோடு கொடுக்கல் வாங்கலுக்கென்றே அந்தக் குடும்பம் எழுதிய கணக்குப் புத்தகம் ஒன்று இன்றைக்கும் தீவில் பத்திரமாக இருக்கிறது. ஒரு பக்கம் கடையில் எடுத்த சாமான், மறு பக்கம் அதற்கு ஈடாகக் கொடுத்த மீன், செய்த வேலை. கடன் ஏறினால் திமிங்கிலப் படகில் ஏறித்தான் அடைக்க வேண்டும்.

எங்கள் தூத்துக்குடிப் பக்கம் இது யாருக்கும் விளக்கத் தேவையில்லை. படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு. அங்கேயும் திமிங்கிலக் கப்பலில் கூலி கிடையாது, பங்குதான். முன்பணம் வாங்கினவன் பங்கைக் கண்ணால் பார்ப்பதற்குள் அது கடனுக்குப் போய்விடும்.

1747-ல் அந்தத் தீவின் வாம்பனோவாக் மக்கள் மாசசூசெட்ஸ் அரசுக்கு ஒரு மனு அனுப்பினார்கள். சாரம் இது: எங்களைக் கிறிஸ்தவர்களாக இருக்கச் சொல்கிறீர்கள், ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜெபம் பண்ண வேண்டிய நேரத்தில் திமிங்கிலத்தின் பின்னால் துடுப்புப் போடச் சொல்கிறீர்கள், அப்புறம் நாங்கள் எப்படிக் கிறிஸ்தவர்களாக இருப்பது?

மனு எழுதத் தெரிந்தவர்கள், நியாயம் கேட்டவர்கள். அவர்களை அந்த ஓவியத்தில் உட்கார்ந்திருக்கிற ஒரு சோகக் கிழவராக மட்டும் சுருக்கிவிட்டார்கள்.

மாணிக்கம்1958 | ஞாயிறு, மாலை 5.10

நல்ல தகவல்கள். நன்றி. ஆனால் ஒரு விஷயத்தில் நியாயம் வேண்டும். அந்தத் தீவை ஆண்டவர்கள் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர். அடிமை முறையை அமெரிக்காவிலேயே முதலில் எதிர்த்தவர்களில் அவர்கள் உண்டு. நான்டக்கெட் குவேக்கர் சபை 1716-லேயே, ஆளை விலைக்கு வாங்கி ஆயுளுக்கும் வைத்துக்கொள்வது சத்தியத்துக்கு ஏற்றதல்ல என்று தீர்மானம் போட்டது. எலிஹு கோல்மன் என்ற தச்சர் 1733-ல் அடிமை முறைக்கு எதிராகச் சிறு நூலே வெளியிட்டார். 1822-ல் ஆர்தர் கூப்பர் என்று வர்ஜீனியாவிலிருந்து தப்பி வந்தவரின் குடும்பத்தைப் பிடிக்க ஆட்கள் வந்தபோது, குவேக்கர்கள் அவர்களைப் பேச்சில் மடக்கி வாசலிலேயே நிறுத்திவிட்டு, குடும்பத்தைப் பின்வாசல் வழியாக வெளியேற்றி ஒளித்து வைத்தார்கள். இதையும் சொல்லுங்கள். எல்லாரையும் வில்லனாக்கினால் அது வரலாறு இல்லை.

பழையபேப்பர் | ஞாயிறு, இரவு 9.30

சொல்ல வேண்டியதுதான் சார், மறுக்கவில்லை. கூப்பர் கதை எனக்கும் பிடித்த கதை. வாசலில் வாரண்டை வைத்துக்கொண்டு நிற்கிறவனிடம் விடாமல் பேசிக்கொண்டே இருப்பது ஒரு கலை. ஆனால் அந்த நல்லவர்கள் மட்டும் கதையின் நடுவில் நிற்பதில்தான் எனக்குச் சங்கடம். இரண்டு வழக்குகளைச் சொல்கிறேன்.

முதலாவது பிரின்ஸ் பாஸ்டன், ஆப்சலத்தின் சித்தப்பா. ஸ்வெயின் குடும்பத்துக்கு அடிமை. 1760-ல் வில்லியம் ஸ்வெயின் என்ற முதலாளி பிரின்ஸின் பெற்றோருக்கு விடுதலை கொடுத்தார். ஆனால் மூத்த பிள்ளைகள் 28 வயது வரை உழைத்த பிறகுதான் விடுதலை என்று எழுதி வைத்தார். தயாளம்! பிரின்ஸ் ‘ஃப்ரெண்ட்ஷிப்’ என்ற கப்பலில் திமிங்கில வேட்டைக்குப் போனார். திரும்பி வந்ததும் கப்பல் தலைவர் அவருடைய பங்கை அவர் கையிலேயே கொடுத்துவிட்டார். கப்பல் சொந்தக்காரர் வில்லியம் ராட்ச், குவேக்கர், பக்கபலமாக நின்றார். ஜான் ஸ்வெயின் வழக்குப் போட்டார்: என் அடிமையின் கூலி என்னுடையது. 1773-ல் தீவின் நீதிமன்றம் பிரின்ஸ் பக்கம் தீர்ப்புச் சொன்னது. மாசசூசெட்ஸ் முழுக்க அடிமை முறை சட்டத்தில் நிற்காது என்று ஆனது 1783-ல்தான். அதற்குப் பத்து வருஷம் முன்னால் இது.

வழக்கமாக இதை ‘ராட்ச் என்ற நல்ல குவேக்கரின் கதை’ என்று சொல்வார்கள். அது பொய் இல்லை. ஆனால் மாதக்கணக்கில் கடலில் கிடந்து, துடுப்புப் போட்டு, கரைக்கு வந்து “என் பங்கு” என்று கை நீட்டியது பிரின்ஸ்.

இரண்டாவது யூனிஸ் ராஸ். அவர் அப்பா ஆப்பிரிக்காவில் பிறந்தவர். யூனிஸ் அந்த மண்டபத்துப் பள்ளியில் படித்தார். 1840-ல், 17 வயதில், ஊர் உயர்நிலைப் பள்ளிக்கான தேர்வு எழுதித் தேறினார். ஊர்க்கூட்டத்தில் ஓட்டெடுத்துச் சேர்க்க மறுத்துவிட்டார்கள். நிறம் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. சார், 1716-ல் தீர்மானம் போட்ட அதே ஊர்தான். 1841 ஆகஸ்டில், அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்த ஃபிரடெரிக் டக்ளஸ் அதே அதீனியத்தில் எழுந்து நின்று பேசினார். பெரிய வெள்ளையர் கூட்டத்தின் முன் அவர் பேசிய முதல் பேச்சு என்று அதைக் கொண்டாடுகிறார்கள். மறு வருஷம், 1842-ல், அதே அதீனியத்தில் கூடிய அடிமை ஒழிப்புக் கூட்டத்தின் மீது கல்லும் அழுகிய முட்டையும் விழுந்தது. ஊர் என்றால் இரண்டும்தான்.

யூனிஸ் விடவில்லை. கறுப்பின மக்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் கையெழுத்துப் போட்டு மாநிலச் சட்டமன்றத்துக்கு மனு அனுப்பினார்கள். யூனிஸ் தனியாக ஒரு மனு அனுப்பினார்: நான் தகுதி பெற்றேன், நிறத்துக்காக மறுத்தார்கள். 1845-ல் சட்டம் வந்தது. பொதுப் பள்ளியில் சட்டவிரோதமாகச் சேர்க்க மறுத்தால் நகரத்தின் மீது நஷ்டஈடு வழக்குப் போடலாம். சட்டம் வந்த சூட்டோடு ஆப்சலம் பாஸ்டன் தன் மகள் ஃபீபி ஆனுக்காக நகரத்தின் மீது வழக்குத் தொடுத்தார். 1846-ல் பள்ளிகள் எல்லாருக்கும் திறந்தன. அமெரிக்க உச்ச நீதிமன்றம் பள்ளிப் பிரிவினை செல்லாது என்று சொன்னது 1954-ல். கழித்துப் பாருங்கள்.

இப்போது உப்புக்காற்று கேட்ட கேள்விக்கு வருகிறேன். ஃபீபி ஆனின் பாட்டி யார்? தேங்க்ஃபுல் மைக்கா. ‘இனம் முடிந்தது’ என்று ஊர் எழுதிக்கொண்டிருந்த அதே பத்தாண்டுகளில், அந்த வாம்பனோவாக் பெண்ணின் பேத்தி பெயரில் ஊர் மீது வழக்கு நடந்துகொண்டிருந்தது. பள்ளி வழக்கைக் கறுப்பின வரலாறு என்று ஒரு அறையில் வைக்கிறார்கள். குவாரியின் படத்தைப் பூர்வகுடி வரலாறு என்று வேறொரு அறையில் வைக்கிறார்கள். நடுவில் இருக்கிற கதவைத் திறந்தால் ஒரே குடும்பம்.

உப்புக்காற்று | ஞாயிறு, இரவு 11.15

அக்கா, இதை மாமியாருக்குப் படித்துக் காட்டினேன். “அப்போ நான் கேட்டது சரிதானே” என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டார்.

தரங்கை | திங்கள், காலை 7.40

எனக்கு இதில் ஒரு பக்கவாட்டு விஷயம் உண்டு. என் சொந்த ஊர் தரங்கம்பாடி. சீகன்பால்கு தமிழில் புதிய ஏற்பாடு அச்சடித்த ஊர், 1715. அதற்கு அரை நூற்றாண்டு முன்னால், 1663-ல், மாசசூசெட்ஸில் வாம்பனோவாக் மக்கள் பேசிய மொழியில் முழு விவிலியமும் அச்சாகிவிட்டது. அமெரிக்காவில் அச்சான முதல் முழு விவிலியமே ஆங்கிலத்தில் இல்லை, அந்த மொழியில்தான். ஜான் எலியட் என்ற போதகர் பெயரில் சொல்வார்கள். அச்சுக்கூடத்தில் ஜேம்ஸ் பிரின்டர் என்று பெயர் பெற்ற நிப்மக் பூர்வகுடி ஒருவர் எழுத்துக் கோத்தார்.

இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவில் கடிதப் போக்குவரத்து உண்டு! பாஸ்டன் போதகர் காட்டன் மேதர் சீகன்பால்குக்கு எழுதினார். பதில் போவதற்குள் சீகன்பால்கு 1719-ல் இறந்துவிட்டார்; அவரோடு இருந்த குருண்ட்லர் பதில் எழுதினார். மேதர் 1721-ல் அதையெல்லாம் ஒரு நூலாக வெளியிட்டார். மேற்கத்திய ‘இந்தியர்’, கிழக்கத்திய இந்தியர், இருவரும் ஒரே அட்டைக்குள்.

அதே 1721-ல் பாஸ்டனில் பெரியம்மை. அம்மைப் பாலைக் கீறி வைத்தால் நோய் கடுமையாக வராது என்று மேதருக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர் வீட்டில் அடிமையாக இருந்த ஒனீசிமஸ் என்ற ஆப்பிரிக்கர். மேதர் கடிதம் எழுதிய ஊரில் பிறந்த எனக்கு இது 45 வயதில்தான் தெரிந்தது.

புதுவரவு | திங்கள், காலை 8.15

அந்த மொழி இப்போது இருக்கிறதா? சமஸ்கிருதம் மாதிரி ஏட்டில் மட்டும்தானா?

தரங்கை | திங்கள், காலை 8.50

நூறு வருஷத்துக்கும் மேலாகப் பேச ஆளே இல்லாமல் இருந்தது. 1993-ல் ஜெசி லிட்டில் டோ பெயர்ட் என்ற மாஷ்பி வாம்பனோவாக் பெண் அதை மீட்கும் வேலையைத் தொடங்கினார். மொழியியல் படித்தார். அந்த விவிலியம், அப்புறம் வாம்பனோவாக் மக்களே தங்கள் மொழியில் எழுதி வைத்த நிலப் பத்திரங்கள், கடிதங்கள், இவற்றிலிருந்து இலக்கணத்தையும் சொற்களையும் எடுத்தார். அவருடைய மகள் அந்த மொழியைத் தாய்மொழியாகக் கேட்டு வளர்ந்தாள். இதற்கு ஈடாக நம் பக்கம் ஒன்று சொல்லத் தெரியவில்லை எனக்கு.

கடைசி ஆள் 1855-ல் செத்துவிட்டார் என்று சொல்பவர்களிடம் இதையும் சொல்லலாம். மாஷ்பி வாம்பனோவாக் மக்களை அமெரிக்க மைய அரசு 2007-ல் அங்கீகரித்தது. பக்கத்துத் தீவான மார்த்தாஸ் வினியார்டில் இருக்கிற அக்வின்னா வாம்பனோவாக் மக்களை 1987-ல்.

நங்கூரம் | திங்கள், காலை 9.05

தரங்கை, டச்சுக்காரர்கள் பழவேற்காட்டிலிருந்து அடிமைகளை ஏற்றுமதி செய்த கதையையும் இங்கேயே…

மட்டுறுத்துனர் | திங்கள், காலை 9.11

நங்கூரம், பழவேற்காட்டுக்குத் தனி இழை தொடங்குங்கள். அது முக்கியம் என்பதால்தான் சொல்கிறேன், இங்கே பத்தோடு பதினொன்றாகிவிடும். இழை நான்டக்கெட்டிலேயே இருக்கட்டும்.

உப்புக்காற்று | திங்கள், இரவு 8.20

இன்னொரு கேள்வி. அந்த மண்டபம் எப்படித் தப்பியது? கோடீஸ்வரர்கள் ஒவ்வொரு சதுர அடிக்கும் அடித்துக்கொள்கிற தீவில், கறுப்பின மக்கள் பெரும்பாலும் வெளியேறிய பிறகு, அந்தச் சின்னக் கட்டடம் எப்படி நின்றது?

பழையபேப்பர் | திங்கள், இரவு 10.45

நீங்கள் கேட்காவிட்டாலும் நானே எழுதியிருப்பேன்.

திமிங்கிலத் தொழில் படுத்தது, 1846-ல் பெரிய தீ ஊரின் நடுப்பகுதியை விழுங்கியது, பிழைப்புத் தேடி எல்லாரும் கிளம்பினார்கள். மண்டபம் கைமாறி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சாமான் போட்டு வைக்கிற கொட்டகை, வண்டி நிறுத்துகிற இடம் என்று ஆகிவிட்டது.

அப்போது ஃபுளோரன்ஸ் ஹிகின்பாதம் என்ற கறுப்பினப் பெண் வந்தார். 1911 கோடையில் தீவுக்குச் சமையல் வேலைக்கு வந்தவர். பணக்காரர் வீடுகளில் சமைத்துச் சேர்த்த பணத்தில் 1920-ல் யார்க் தெருவில் ஒரு வீடு வாங்கினார். எந்த வீடு? செனிகா பாஸ்டன் 1774-ல் வாங்கிய நிலத்தில் நிற்கிற வீடு. தேங்க்ஃபுல் மைக்கா குடித்தனம் நடத்திய வீடு. 1933-ல் பக்கத்தில் இருந்த மண்டபத்தையும் வாங்கிப் போட்டார். உலகமே பணமில்லாமல் தவித்த நேரம் அது. இடிக்கவில்லை, பெரிதாக மாற்றவும் இல்லை. அவர் குடும்பத்திடமிருந்து 1989-ல் பாஸ்டனில் இருக்கிற ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகம் மண்டபத்தை வாங்கியது. பழுது பார்த்து 1999-ல் திறந்தார்கள்.

வரலாற்றை மீட்டவர்கள் பட்டியல் போட்டால் பேராசிரியர்கள், அறக்கட்டளைகள் என்று போகும். நான் முதல் பெயராக அந்தச் சமையல்காரம்மாவைத்தான் எழுதுவேன்.

பூர்வகுடிப் பக்கம் அப்படி ஒரு கட்டடம் நிற்கவில்லை. 1987-ல் மியாகொமெட் என்ற இடத்தில் வசதி குறைந்தவர்களுக்கு வீடு கட்ட மண்ணைத் தோண்டினார்கள், எலும்புகள் வந்தன. வாம்பனோவாக் இடுகாடு. வேலையை நிறுத்தி, அந்த இடத்தை வேலி போட்டு விட்டார்கள். அந்தப் பெயரே வாம்பனோவாக் பெயர்தான். தீவில் பாதி ஊர்ப்பெயர்கள் அப்படித்தான்: மடாகெட், சியாஸ்கான்செட், கோஸ்காட்டா. வீட்டு விளம்பரத்தில் அந்தப் பெயரைப் போட்டு லட்சக்கணக்கான டாலருக்கு விற்கிறார்கள்.

எல்லாம் முடிந்துபோன பழங்கதை என்று யாராவது நினைத்தால், 2018 மார்ச்சில் அந்த மண்டபத்துக் கதவில் இனவெறி வாசகத்தைப் பூசிவிட்டுப் போனார்கள் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

மாணிக்கம்1958 | செவ்வாய், காலை 6.30

எல்லாவற்றையும் படித்தேன். பாதி ஒத்துக்கொள்கிறேன். மீதி ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ரத்தம் தொடர்ந்தது, சரி. தேங்க்ஃபுல் மைக்காவின் பேரப்பிள்ளைகளை விட்டுவிட்டு ‘கடைசி’ என்று எழுதியது தவறு, சரி. ஆனால் தீவில் வாம்பனோவாக் தலைவர்கள் இருந்தார்கள், நிலம் இருந்தது, மொழி இருந்தது, கூடி முடிவெடுக்கிற வழக்கம் இருந்தது. அது அந்தத் தீவில் அறுந்துபோனது உண்மைதானே? ஆப்சலம் தன்னை எப்படி அழைத்துக்கொண்டார்? ஆப்பிரிக்கர் சபைக்கு அறங்காவலராக இருந்தவர். அவரை இப்போது வாம்பனோவாக் என்று நாம் அழைத்தால், நாமும் அந்தக் குமாஸ்தா வேலையைத்தானே செய்கிறோம்?

பழையபேப்பர் | செவ்வாய், காலை 10.20

சார், இந்த இழையிலேயே நல்ல கேள்வி இதுதான். கொஞ்சம் யோசித்துத்தான் எழுதுகிறேன்.

நீங்கள் சொல்வது சரி. ஆப்சலத்தை ஒரு கட்டத்திலிருந்து எடுத்து இன்னொரு கட்டத்தில் போட எனக்கு உரிமை இல்லை. அவர் கறுப்பினச் சமூகத்துக்குத் தலைவராக வாழ்ந்தார். நான் கேட்பது அவர் பெயரை மாற்ற அல்ல. அவர் அம்மாவின் பெயரையும் சேர்த்துச் சொல்ல. வாம்பனோவாக் பெண் ஒருத்தி கொள்ளைநோய்க்குப் பின் எங்கே வாழ்ந்தாள், யாரை மணந்தாள், என்ன வளர்த்தாள் என்று கேட்டால் பதில் இருக்கிறது. அந்தப் பதிலைச் சொன்னால் ‘இவரோடு முடிந்தது’ என்ற வாக்கியத்தைச் சொல்ல முடியாது.

தீவில் அந்தச் சமூக வாழ்க்கை அறுந்தது என்பதும் உண்மைதான். ஆனால் அறுந்தது என்பதற்கும் அறுத்தார்கள் என்பதற்கும் வித்தியாசம் உண்டு. 1659-ல் ஆங்கிலேயர்கள் தாமஸ் மேஹ்யூ என்ற இன்னொரு ஆங்கிலேயரிடமிருந்து 30 பவுண்டுக்கும் பீவர் என்ற விலங்கின் ரோமத்தில் செய்த இரண்டு தொப்பிக்கும் தீவை வாங்கினார்கள். ஒரு தொப்பி அவருக்கு, ஒன்று அவர் மனைவிக்கு. இந்தத் தொப்பிக் கதையைத் தீவில் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். மேய்ச்சல் நிலம் போய்விட்டது என்று வாம்பனோவாக் மக்கள் அதற்கப்புறம் மனு மேல் மனு போட்டதை யாரும் அவ்வளவு ரசித்துச் சொல்வதில்லை. கடைசி ஆள் இறந்துவிட்டார் என்றால் நிலம் கேட்க ஆள் இல்லை. அந்த வார்த்தை ஏன் ஊருக்கு இவ்வளவு பிடித்தது என்பதற்கு எனக்குத் தோன்றுகிற காரணம் அது.

மாணிக்கம்1958 | செவ்வாய், காலை 11.02

இரண்டு பெயரையும் சேர்த்துச் சொல்வது. சரி. அதற்கு நான் கை தூக்குகிறேன். குவேக்கர்களையும் விட்டுவிடாதீர்கள்.

பழையபேப்பர் | செவ்வாய், காலை 11.06

விடவில்லை சார். அவர்கள் கணக்குப் புத்தகத்தை ஒழுங்காக எழுதி வைத்திராவிட்டால் நமக்கு இதில் பாதி தெரிந்திருக்காது.

புதுவரவு | செவ்வாய், மாலை 6.45

அக்டோபரில் போகலாம் என்று பார்க்கிறேன். படகு எங்கிருந்து?

உப்புக்காற்று | செவ்வாய், இரவு 9.00

ஹயானிஸ் என்ற கரையோர ஊரிலிருந்து. வேகப் படகு ஒரு மணி நேரம், சாதாப் படகு இரண்டே கால் மணி நேரம். வேகப் படகில் மாமனாருக்குக் குமட்டிவிட்டது, சாதாப் படகே நல்லது. மண்டபம் திறந்திருக்கிறதா என்று முன்னாலேயே கேட்டுக்கொண்டு போங்கள். காற்றாலைக்குப் பின்னால் கறுப்பின மக்களின் பழைய கல்லறைத் தோட்டம் ஒன்று இருக்கிறதாம், நாங்கள் தவறவிட்டுவிட்டோம். சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள்.

தேங்க்ஃபுல் என்றால் என்ன பொருள் என்று மாமியார் கேட்டார். சொன்னேன். “யாருக்கு?” என்றார்.